மிதோமாவின் ஒரு மில்லி

எங்கள் வீட்டில் டிவி கிடையாது. வாங்கினால் என்.எச்.கே. என்ற ஜப்பானியப் பொது ஒளிபரப்புக்குச் சந்தா கட்ட வேண்டும், பையனும் அதன் முன்னாலேயே குடியிருப்பான் என்று இரண்டு காரணம் சொல்லி வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டு வருகிறோம். அதனால் 2022 டிசம்பர் 2ஆம் தேதி விடிகாலை நாலு மணிக்கு, ஜப்பானும் ஸ்பெயினும் மோதிய உலகக் கோப்பை ஆட்டத்தை, டோக்கியோவை ஒட்டிய கவாசாகியில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது, பையன் எழுந்துவிடுகிறானா என்று கவனிக்க.

அபேமா என்கிற இணையச் சேவை அந்த உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களையும் இலவசமாகவே காட்டியது. ஓசியில் பார்க்கிறவன் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் இணையத்தில் வரும் படம் டிவியைவிட அரை நிமிடம் போலப் பிந்தித்தான் வரும். ஸ்பெயின் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு மாடி வீட்டில் தொம்தொம்மென்று யாரோ குதித்தார்கள். குதித்து முடித்து அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் என் போனில் தோவான் ரித்சு அடித்த கோல் விழுந்தது. சரி, இனி மாடி வீடுதான் நமக்கு வானிலை அறிக்கை என்று புரிந்துகொண்டேன்.

மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் கூச்சல். இந்த முறை மேலே மட்டுமல்ல, எதிர் வீட்டிலும் கேட்டது. ஆனால் அது பாதியிலேயே அறுந்துவிட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. என் போனில் பந்து இன்னும் எங்கேயோ உருண்டுகொண்டிருந்தது. என்ன நடந்தது என்று தெரியாமல், ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்துகொண்டு ஒரு ஆட்டத்தைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். வலப்பக்கம் தோவான் பந்தைக் கோல் முன்னால் குறுக்கே தட்டினார். மயேதா தைசென் சறுக்கி விழுந்தார், எட்டவில்லை. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போகிறது, போயேவிட்டது என்று நினைக்கும்போது, பின்னாலிருந்து ஒருவர் ஓடிவந்து சறுக்கி இடது காலைக் கொக்கிபோல் நீட்டி அதை உள்ளே இழுத்துவிட்டார். முன்னால் நின்ற தனாகா அவோ அதை முழங்காலால் முட்டித் தள்ளினார். வலை குலுங்கியது. பந்து வெளியே போயிருந்ததா என்று வீடியோவில் பார்க்கும் விஏஆர் அறையின் முடிவுக்கு நடுவர் காத்திருந்தார்.

நான் போனைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை இடிகிற மாதிரி சத்தம் வந்தது. கோல்தான்.

சறுக்கிக் கால் நீட்டியவர் மிதோமா கவோரு. இங்கே ஜப்பானில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும், ஆகவே மிதோமா என்பதுதான் அவருடைய வீட்டுப் பெயர். அன்று மாலைக்குள் ஜப்பான் முழுக்க ஒரு புதுச் சொற்றொடர் பிறந்துவிட்டது: ‘மிதோமா நோ இச்சி மிரி’. மிதோமாவின் ஒரு மில்லி. மில்லிமீட்டரை இங்கே செல்லமாக மிரி என்பார்கள்.

*

ஆட்டம் 2-1 என்று ஜப்பான் பக்கம் முடிந்து பத்து நிமிடத்தில் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பித்தது. ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தை அனுப்பினான். கோடு ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம், நடுவில் பச்சைப் புல் பளிச்சென்று தெரிகிறது. “மாப்ள, இது கோலா? கண்ணு தெரியாதவன்கூட சொல்லுவான்டா, பந்து வெளிய போச்சுன்னு.”

அவன் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அதே பிரிவில் அதே நேரத்தில் நடந்த இன்னொரு ஆட்டத்தில் ஜெர்மனி கோஸ்டாரிகாவை 4-2 என்று ஜெயித்திருந்தது. தனாகாவின் கோல் செல்லாது என்று ஆகி ஆட்டம் 1-1இல் முடிந்திருந்தால், ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் தலா நாலு புள்ளி, கோல் கணக்கில் ஜெர்மனி ஒன்று கூடுதல். ஸ்பெயினும் ஜெர்மனியும் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும், ஜப்பான் பெட்டி கட்டியிருக்கும். நான்கு முறை கோப்பை வாங்கிய நாட்டை வீட்டுக்கு அனுப்பியது அந்தக் கால்தான்.

நான் பதிலுக்கு அனுப்பிய படம் உங்களுக்கும் நினைவிருக்கலாம். ஏபி செய்தி நிறுவனத்தின் படக்காரர் அரங்கின் உச்சியிலிருந்து நேர் கீழே பார்த்து எடுத்தது. பச்சைத் தரை, ஒரு வெள்ளைக் கோடு, நீலச் சட்டையில் சறுக்கும் ஒரு உடம்பு. பந்தின் வயிறு கோட்டின் விளிம்பை, நகம் அளவுகூட இல்லை, தொட்டும் தொடாமல் நிற்கிறது. அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்காத செல்போனே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பந்து கோட்டின் மேல் இருந்தது 1.88 மில்லிமீட்டர் என்று ஜப்பானியச் செய்திகள் கணக்குச் சொன்னன.

நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு படத்துல ஒண்ணு பொய்” என்றான். எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான்.

மறுநாள் சனிக்கிழமை. பையனுடைய கால்பந்தை எடுத்துவந்து தத்தாமி அறையில் வைத்தேன். தத்தாமிப் பாயின் ஓரத்தில் துணிக்கரை ஒன்று ஓடும், நம்மூர் வேட்டிக் கரை மாதிரி. அதுதான் கோல் கோடு. பந்தைக் கரைக்கு வெளியே வைத்து, தரையில் கன்னம் பட படுத்து ஓரமாகப் பார்த்தால், பந்து கரையைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போய்விட்ட மாதிரி இருக்கிறது. நாற்காலியில் ஏறி நின்று செல்போனை நேர் மேலே பிடித்துப் பார்த்தால் பந்தின் ஓரம் கரைமேல் கிடக்கிறது. பெரிய பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். தரையைத் தொடுவது அதன் அடியில் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளி கோட்டைத் தாண்டிக் கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் போகும்வரை, காற்றில் பிதுங்கி நிற்கும் வயிறு கோட்டின் மேலேயேதான் இருக்கும். நடுவில் புல் தெரிவது உண்மை. பந்து உள்ளே இருப்பதும் உண்மை. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் விஷயம்.

பையனுக்கும் ஒருமுறை காட்டினேன். அவனும் பக்கத்தில் படுத்துக்கொண்டான். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “காலங்காத்தால அப்பாவும் புள்ளையும் தரையில என்ன தேடுறீங்க?” என்றாள்.

கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு இது புரிய ஒரு தடை இருக்கிறது. ரன் அவுட்டில் பேட் கோட்டின் மேலேயே நின்றால் அவுட். கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால்தான் பிழைத்தோம். கால்பந்தில் நேர்மாறு. கோடும் மைதானத்தைச் சேர்ந்தது. பந்து முழுசாக, மிச்சமில்லாமல் கோட்டைக் கடந்தால்தான் வெளியே. மற்ற கோணங்களில் எடுத்த படங்கள் ஏமாற்றலாம் என்று ஃபிஃபாவே பிறகு ஒரு விளக்கம் போட வேண்டி வந்தது. என் நண்பன் அதையும் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினால்கூடப் பதிலில் அந்தப் பச்சைப் புல் படம்தான் வரும்.

*

அந்த ஒரு வாரம் எங்கே போனாலும் ஒரு மில்லிதான். அலுவலகத்தில் ஒரு ரிலீஸ் கடைசி நிமிடத்தில் தப்பித்தபோது எங்கள் மேலாளர், சாதாரணமாகச் சிரிக்கவே சிரிக்காத மனுஷர், “மிதோமாவின் ஒரு மில்லி” என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனார். பூங்காவில் பொடியன்கள் பந்தைத் தாங்களே வேண்டுமென்று வெளியே உருட்டிவிட்டு, பின்னால் ஓடிச் சறுக்கிக் காலை நீட்டி இழுத்தார்கள். என் பையனின் பள்ளிக்கூடக் கால்சட்டை இரண்டு கிழிந்தது.

அபேமாவில் அன்று வர்ணனைக்கு உட்கார்ந்திருந்தவர் ஹோண்டா கெய்சுகே. மூன்று உலகக் கோப்பைகளில் கோல் போட்ட பழைய நட்சத்திரம். அவர் வர்ணனையே தனியாகப் பேசப்பட்டது. வர்ணனையாளர் மாதிரி இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் மாமா மாதிரி புலம்பினார், திட்டினார், கேள்வி கேட்டார். அதைவிட ஜனங்களுக்குப் பிடித்தது, தன்னைவிடப் பதினோரு வயது சின்னவரான மிதோமாவை அவர் ‘மிதோமா சான்’ என்று கூப்பிட்டது. ‘சான்’ என்பது பெயருக்குப் பின்னால் போடும் மரியாதைச் சொல். ஜப்பானில் மூத்தவர் இளையவரைப் பல நேரம் பெயரோடு நிறுத்துவார் அல்லது ‘குன்’ போடுவார். விளையாட்டுக் களத்தில் இந்த மூப்பு வரிசை இன்னும் கண்டிப்பு. நம்மூரில் ஐம்பது வயதுத் தலைமை ஆசிரியர் புதிதாகச் சேர்ந்த வாத்தியாரை எல்லார் முன்னாலும் “வாங்க சார்” என்று அழைத்தால் எப்படி இருக்கும்? அப்படி. எக்ஸ் அப்போது ட்விட்டராக இருந்தது. ‘மிதோமா சான்’ அதில் அலைந்துகொண்டே இருந்தது.

நானும் அந்த அலையில் சேர்ந்து அலுவலகச் சாட்டில் அவர் பெயரை எழுதினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து மேஜைக்காரர், ஃபுகுவோகா ஊர்க்காரர், மெதுவாக நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “அந்த எழுத்து... தலையில் மூங்கில் வர வேண்டும்” என்றார். மிதோமா என்று எழுத இரண்டு காஞ்சி எழுத்து, அதாவது சீனாவிலிருந்து வந்த பட எழுத்து. முதலாவது மூன்று என்கிற எழுத்து, அதில் பிரச்சினையில்லை. இரண்டாவது எழுத்தின் உச்சியில் மூங்கிலைக் குறிக்கும் சின்னக் கிரீடம் இருக்கிறது. அதே மாதிரி இன்னொரு எழுத்து உண்டு, அதன் உச்சியில் இருப்பது புல். ‘மிதோமா’ என்று அடித்தால் செல்போன் முதலில் நீட்டுவது புல் வைத்ததை. ஜப்பானியர்களே அவசரத்தில் அதைத்தான் தட்டிவிடுகிறார்கள். அவருடைய தீவிர ரசிகர்கள் உடனே வந்து, “புல் இல்லை, மூங்கில்” என்று திருத்திவிட்டுப் போவார்கள். தமிழ் இணையத்தில் ளகர ழகரத்துக்கு நடக்கும் அதே திருவிளையாடல்.

பக்கத்து மேஜைக்காரர் தெரிந்துவைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் ஊரில் புல் வைத்த மிதோமா என்ற பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. ஆட்டக்காரருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். “எழுத்து வேறே” என்றார், அதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோல.

*

இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவில் எனக்கு உறைத்த ஒரு விஷயம் கொஞ்சம் வெட்கமானது. மிதோமா எங்கள் வார்டுப் பையன். மியாமாயே வார்டில் சாகினுமா என்று ஒரு ரயில் நிலையம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சரிவான தெருக்கள், பேக்கரி, பற்களுக்கு ஒரு கிளினிக், முடி வெட்ட ஒரு கடை என்று டோக்கியோவைச் சுற்றி ஆயிரம் இடத்தில் இருப்பது போன்ற ஊர். அங்கே இருக்கும் ஆரம்பப் பள்ளியில்தான் அவர் படித்தார். அவர் இழுத்த பந்தை உள்ளே தள்ளினாரே தனாகா அவோ, அவரும் அதே பள்ளி, ஒரு வகுப்பு கீழே. இருவரும் சிறுவயதில் ஆடியது சாகினுமா எஸ்சி என்ற சின்ன உள்ளூர் மன்றத்தில். பின்வரிசையில் நின்ற இதாகுரா கோவும் கோல் காத்த கோந்தா ஷூயிச்சியும் அதே மன்றத்துப் பிள்ளைகள். அதாவது அந்த கோல் விழுந்தபோது மைதானத்தில் இருந்த பதினோரு பேரில் நாலு பேர், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் பந்து உதைத்துப் பழகியவர்கள். உலகக் கோப்பையில் ஒரே தெருப் பள்ளியின் சீனியர் ஜூனியருக்குப் பந்து கொடுத்திருக்கிறார்.

பல வருடமாக அந்த நிலையத்தின் வழியாக ரயிலில் போய்க்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாது. நான் அவரைத் தெரிந்துகொண்டது பதினைந்து வினாடி வீடியோக்களில்.

யோசித்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான். அவருடைய புகழ் ஆரம்பத்திலிருந்தே துண்டு துண்டாகத்தான் வந்திருக்கிறது. கவாசாகி ஃப்ரோன்தாலே என்ற தொழில்முறை கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்து, பதினெட்டு வயதில் சீனியர் அணி வாசல் திறந்தபோது, இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய்விட்டார். 2017இல், மாணவர் அணிகளும் தொழில்முறை அணிகளோடு மோதும் எம்பெரர் கோப்பையில் அந்தப் பல்கலைக்கழக அணி முதல் டிவிஷன் அணியான வெகால்தா செந்தாயை 3-2 என்று வீழ்த்தியது. மிதோமாவுக்கு இரண்டு கோல். நடுக்கோட்டுப் பக்கம் பந்தை வாங்கி, தொழில்முறை ஆட்டக்காரர்களை வரிசையாகக் கழற்றிவிட்டு ஓடிப்போய் அடித்தது ஒன்று. மங்கலான அந்த வீடியோ இன்றும் சுற்றுகிறது.

அடுத்தது சிட்னி. 2022 மார்ச் 24, ஆஸ்திரேலியாவுடன் தகுதிச் சுற்று. ஜெயித்தால் கத்தாருக்கு டிக்கெட். 84ஆவது நிமிடத்தில் மிதோமாவை இறக்கினார்கள். 89இல் ஒரு கோல், கூடுதல் நேரத்தில் இன்னொன்று, இரண்டாவதை இடது ஓரத்திலிருந்து தனியாளாக உருட்டிக்கொண்டு போய். ஜப்பானின் உலகக் கோப்பை வாய்ப்பு உறுதியான இரவு அது. ஆனால் அந்த வெளிநாட்டு ஆட்டங்கள் சாதாரண டிவியில் வரவில்லை, டாஸோன் என்ற கட்டணச் சேவையில் மட்டும்தான். தேசிய அணியின் ஆட்டத்தைக் காசு கட்டித்தான் பார்க்க வேண்டுமா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. சந்தா இல்லாத ஜனங்களுக்கு அந்த இரண்டு கோலும் ஆட்டமாக வரவில்லை. கிளிப்பாக வந்தது. நானும் மறுநாள் ரயிலில், சத்தத்தை அணைத்துவிட்டு, திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்போது எங்கள் ரயில் சாகினுமாவைத் தாண்டியிருக்கும்.

இங்கிலாந்தில் பிரைட்டன் கிளப்புக்காக அவர் அடித்த சில கோல்களும் கிளிப்புக்கென்றே பிறந்தவை. 2023 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் லிவர்பூலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில், கோலுக்குப் பக்கத்தில், காற்றில் வந்த பந்தை ஒரு தட்டு தட்டி, அடிப்பதுபோல் பாவனை காட்டி, தடுக்க வந்தவரைத் தரையில் சறுக்கவிட்டு, கீழே விழுமுன் இன்னொரு தட்டு. 2025 பிப்ரவரியில் செல்சியோடு நடந்த ஆட்டத்தில் பிரைட்டன் கோல்கீப்பர் தன் பெட்டியிலிருந்து தூக்கி உதைத்த பந்து அரை மைதானத்தையும் தாண்டித் தலைக்கு மேல் இறங்குகிறது. இவர் ஓட்டத்தை நிறுத்தாமல் வலது கால் விரல்நுனியில் அதை வாங்குகிறார். வாங்குகிறார் என்பதுகூடச் சரியில்லை. பூனைக்குட்டி மடியில் படுப்பதுபோல் பந்து தானாகப் படுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு திருப்பு, மூலையில் கோல். அந்த முதல் தொடுகையை மட்டும் வெட்டி எடுத்து யாரோ சுழலவிட்டிருந்தார்கள். முடிவில்லாமல் பந்து இறங்குகிறது, படுக்கிறது, இறங்குகிறது, படுக்கிறது. ஒரு மதிய உணவு இடைவேளை முழுக்க அதிலேயே போய்விட்டது எனக்கு.

*

இங்கே நகாதாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஜப்பானில் இணையப் புகழ் என்ற பேச்சை எடுத்தால் என் வயதுக்காரர்கள் முதலில் சொல்லும் பெயர் நகாதா ஹிதெதோஷி. இத்தாலிக்கு ஆடப் போய், 1998 செப்டம்பரில் பெருஜா அணிக்கான முதல் லீக் ஆட்டத்திலேயே யுவெந்துசுக்கு எதிராக இரண்டு கோல் போட்டவர். பத்திரிகைக்காரர்கள் தன் பேச்சைத் திரிக்கிறார்கள் என்று அவர்களோடு பேசுவதையே சுருக்கிக்கொண்டு, அதே 1998இல் நகாதா.நெட் என்று தனக்கொரு தளத்தைத் தொடங்கிவிட்டார். பேஸ்புக், ட்விட்டர் என்ற பெயர்களையே யாரும் கேட்டிராத காலம். டயல் அப் மோடம் கிரீச்சிட்டு இணைப்புக் கிடைத்ததும் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க ஜனங்கள் போனார்கள். 2006 உலகக் கோப்பையில் பிரேசிலிடம் தோற்று, தோர்த்முந்த் மைதானத்தின் நடுவில் நெடுநேரம் மல்லாந்து கிடந்தார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. பத்துப் பதினொரு நாள் கழித்து ஜூலை 3 அன்று, தன் தளத்தில்தான் ஓய்வு அறிவித்தார். வயது இருபத்தொன்பது. நிருபர்களும் மற்றவர்களைப் போல அங்கே போய்ப் படித்துத்தான் செய்தி எழுத வேண்டியிருந்தது.

நகாதா தன் புகழின் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தார். மிதோமாவுக்கும் இன்ஸ்டாகிராம் உண்டு, விளம்பரமும் உண்டு. ஆனால் ஜனங்கள் கொண்டாடுகிற மிதோமாவை அவர் எழுதவில்லை. மேலேயிருந்து ஒரு படக்காரர் எடுத்தது, கிளிப் வெட்டத் தெரிந்த ஏதோ ஒரு கல்லூரிப் பையன் வெட்டியது, ஹோண்டா போகிறபோக்கில் ‘சான்’ போட்டது, பெயரில் புல்லைப் பிடுங்கி மூங்கிலை நடுகிற ரசிகர்கள் திருத்தியது. அவருடைய அண்ணன் ஒரு நடிகர், குழந்தைகளுக்கான முகமூடி வீரர்கள் தொடரில் நாயகர்களில் ஒருவராக வந்தவர். இருவரும் அண்ணன் தம்பி என்று தெரியவந்த நாளில், அதுவரை கால்பந்தே பார்க்காத தாய்மார் கூட்டமும் சேர்ந்துகொண்டது. அதற்கும் மிதோமா ஒன்றும் செய்யவில்லை, தம்பியாகப் பிறந்ததைத் தவிர.

அவர் செய்த ஒரு விஷயத்தை மட்டும் இந்தக் கிளிப் உலகம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதுதான் எனக்கும் ரொம்பப் பிடித்தது. பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்வேடு, பந்தோடு ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும்போது ஆட்டக்காரர் எங்கே பார்க்கிறார் என்பது பற்றி. சக மாணவர்களின் தலையில் சின்னக் கேமராவைக் கட்டி ஆடவிட்டு, அவர்கள் கண் போகும் திசையைப் பதிவு செய்தார். கெட்டிக்காரர்கள் பந்தைக் கீழே குனிந்து பார்ப்பதில்லை, நிமிர்ந்து எதிராளியையும் சுற்றியிருப்பதையும் பார்த்துக்கொண்டே வாங்குகிறார்கள் என்று கண்டார். இங்கிலாந்துக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. டிரிபிளிங்கில், அதாவது பந்தைக் காலோடு உருட்டிப்போய் எதிராளியைத் தாண்டுவதில், பட்டம் வாங்கியவன் என்று தலைப்பு வைத்தார்கள். பட்டம் உடற்கல்வியில்தான், ஆனால் யார் கேட்கப் போகிறார்கள்.

எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று மற்றவர் தலையில் கேமரா மாட்டி ஆராய்ந்தவரைத்தான் இன்று இத்தனை கேமராக்கள் பார்க்கின்றன.

*

கிளிப்பில் வராதவையும் உண்டு. கத்தாரில் நான்கு ஆட்டத்திலும் மிதோமா மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார், ஒன்றில்கூட முதல் பதினொன்றில் இல்லை. ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானிடம் பந்து இருந்ததே மொத்த நேரத்தில் 18 சதவீதத்துக்கும் குறைவு. மிச்ச நேரமெல்லாம் ஓடுவது, அடைப்பது, மறிப்பது. டிரிபிள் மன்னன் என்று நாம் கொண்டாடுகிறவர், இரண்டாம் பாதியில் இறங்கி ஆடிய அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் பெரும்பாலும் செய்தது இடது ஓரத்தில் பின்னால் வந்து நிற்கிற காவல் வேலைதான். அதை யார் வெட்டி ஒட்டுவார்கள்?

நாலு நாள் கழித்துக் குரோஷியா. ஜப்பான் நேரப்படி நள்ளிரவு. அன்று அபேமாவில் கூட்டம் தாங்காமல் உள்ளே விடுவதையே கட்டுப்படுத்தினார்கள். நான் முன்கூட்டியே நுழைந்துவிட்டேன். 1-1, பெனால்டி. மினாமினோவின் உதை தடுக்கப்பட்டது. அடுத்து மிதோமா. அதுவும் தடுக்கப்பட்டது. பிறகு கேப்டன் யோஷிதாவின் உதையும். மாடி வீட்டில் ஒரு முனகல்கூட இல்லை. அந்த அமைதியை வைத்தே அரை நிமிடம் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. பேட்டியில் மிதோமா வார்த்தை வராமல் அழுதார். மறுநாள் காலை பையன், “அப்பா, மிதோமா கோல் போட்டாரா?” என்றான். ஆட்டம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். பள்ளிக்கூடம் போய்த் தெரிந்துகொண்டு வந்து, மாலை முழுக்க என்னோடு பேசவில்லை.

*

2024 ஜூலையில் பிரைட்டன் அணி ஜப்பானுக்கு வந்தது. கஷிமா அந்த்லர்ஸ் என்ற ஜப்பானிய அணியோடு தேசிய அரங்கில் ஒரு நட்பு ஆட்டம், புதன்கிழமை சாயங்காலம். கோடை விடுமுறை, ஆகவே பையனைக் கூட்டிப்போனேன். டோக்கியோவின் ஜூலைப் புழுக்கம் சென்னைக்காரனையே நெளிய வைக்கும். கையில் சின்ன மின்விசிறி, கழுத்தில் ஈரத்துண்டு, கூட்டம் கூட்டமாகப் பிரைட்டனின் நீல வெள்ளைச் சட்டை. முக்கால்வாசிச் சட்டையின் முதுகில் ஒரே பெயர்.

எங்கள் இடம் மேல் அடுக்கில். அங்கிருந்து பார்க்கும்போது ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. பந்து இடப்பக்கம் போனால் எங்களுக்குக் கீழே இருக்கும் வரிசைகளில் செல்போன்கள் எழும்பும், நாற்று வயலில் காற்று அடித்த மாதிரி. பந்து வலப்பக்கம் போனால் எல்லாம் படுத்துவிடும். ஆட்டம் எங்கே நடக்கிறது என்று தெரிய மைதானத்தைப் பார்க்கவே தேவையில்லை, போன்களைப் பார்த்தால் போதும். எனக்குப் பழைய மாடி வீட்டு ஞாபகம் வந்தது.

பையன் என் போனை வாங்கிக்கொண்டான். அவனுக்கும் ஒரு கிளிப் வேண்டும். மிதோமா பந்தோடு ஓடுவதை எடுத்துப் பள்ளியில் காட்ட வேண்டும். பந்து வருவதற்காக, அவர் ஒருவரையே குறிபார்த்து எடுத்துக்கொண்டிருந்தான். மிதோமா கோட்டை ஒட்டி நின்றார். ஒரு கால் கோட்டின் மேலேயே. திரும்பிப் பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார். மறுபடி பின்னால். சாக்ஸைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார். நாலு அடி உள்ளே நடந்தார், வெளியே வந்தார். கையை இடுப்புக்கும் கீழே வைத்துச் சின்னதாக விரலை அசைத்து யாருக்கோ ஏதோ சொன்னார். பந்து வரவில்லை. எதிர்ப்பக்கம் எங்கேயோ பறந்தது. அவர் திரும்பித் தன் பாதிக்கு மெதுவாக ஓடிப்போனார்.

“அப்பா, ஒண்ணுமே நடக்கல” என்றான் பையன், எரிச்சலாக.

“அழிச்சிட்டு அடுத்தது எடு” என்றேன்.

அழிக்கவில்லை. 41 வினாடி. திரும்பி வரும் ரயிலில், சாகினுமா வரை, மூன்று முறை பார்த்தான். மூன்றாவது முறை பார்க்கும்போது நிறுத்தி, திரையை என் பக்கம் திருப்பி, “இங்க பாரு, பந்தையே பார்க்கல. எத்தனை தடவை பின்னாடி பார்க்கிறார்னு எண்ணு” என்றான்.

எண்ணினோம். அவனுக்கு ஒன்பது வந்தது, எனக்கு எட்டு. கதவு திறந்தது, இறங்கி எதிர் நடைமேடைக்கு மாறினோம்.